கண்களை மட்டும் மறைத்த படம்

1

போன நவம்பரில் என் மகள் யாழினியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. குளிர்காலத் தொடக்கத்தில் இங்கே பிள்ளைகள் காகித விளக்கு செய்து கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஊர்வலம் போவார்கள். அதைப் படம் எடுக்க ஹனோவரில் எங்கள் வட்டாரத்துப் பத்திரிகையிலிருந்து ஆள் வருகிறாராம். உங்கள் மகளின் முகம் படத்தில் வரலாமா, பெயரும் போடலாமா, எதுவுமே வேண்டாமா என்று மூன்று கட்டங்கள். ஒன்றில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜெர்மனிக்கு வந்த இந்த எட்டு வருஷத்தில் எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீடு மாறினால் ஒரு தாள், விசா நீட்டிக்க ஒரு தாள், குப்பை எடுக்கிறவர்களுக்கு ஒரு தாள். பாதி புரியாமலே போட்டிருக்கிறேன். இந்தத் தாளை மட்டும் மூன்று நாள் சமையலறை இழுப்பறையில் வைத்திருந்தேன். நான்காம் நாள் ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் பேச்சில் 'ஆவ்ஃப்னாமெ' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சொல்லை நான் முதலில் படித்தது யாழினியைப் பெற்ற ஆஸ்பத்திரியின் பலகையில். நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் இடம் என்று பொருள். "என் பெண்ணுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே, எதற்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டேன். ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். படம் எடுப்பதற்கும் இவர்களுக்கு அதே சொல்தானாம். யாழினி தலையைக் குனிந்துகொண்டு ஆசிரியையிடம் ஜெர்மனில், "அம்மா எப்பவும் இப்படித்தான்" என்றாள். எனக்கு அது புரியாது என்று நினைத்திருப்பாள்.

நான் வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். மற்ற பிள்ளைகள் படத்துக்கு நின்றபோது என் மகள் படம் எடுக்கிறவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, நீ ஏன் எல்லாத்துக்கும் பயம் பண்றே?" என்று கேட்டாள். அவளுடைய தமிழில் இப்போது எல்லா வினையும் 'பண்றே'யில்தான் முடிகிறது. நான் அவள் கையிலிருந்த விளக்கை வாங்கிக்கொண்டு நடந்தேன். அதன்பின் அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது ஜெர்மனில்தான் பேசினாள்.

என் கணவர், "சின்ன விஷயத்தைப் பெருசாக்கிட்டே உமா" என்றார். காரணம் அவருக்கும் தெரியாது. அதை அவரிடமிருந்து மறைத்துத்தான் எங்கள் கல்யாணமே நடந்தது.

2

நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில் இருந்தோம். வயலைப் பிளாட் போட்டு விற்ற தெரு. மழை பிடித்தால் மூன்று நாள் மறுபடியும் வயலாகிவிடும். அப்பா அரசு அலுவலகத்தில் கிளார்க். நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் ஹையர் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகள் தொடங்கிய நேரம்.

நான்காவது வீட்டில் சுசீலா அக்கா வாடகைக்கு இருந்தாள். அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். புருஷன் முருகேசன் அண்ணன் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வெல்டர். மகள் நிர்மலா ஏழாவது படித்தாள். அக்கா முன்னறையில் பெரிய கிரைண்டர் ஒன்றைப் போட்டிருந்தாள். தெருப் பெண்கள் அரிசியும் உளுந்தும் ஊறவைத்துத் தூக்கில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், சாயங்காலம் மாவாக வாங்கி வருவார்கள். தெருவில் பாதி வீட்டு இட்லி அக்கா கையால் வழித்த மாவுதான்.

எனக்கு ஜெர்மனி மாப்பிள்ளை ஜாதகம் வந்து, பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. ஒருநாள் காலையில் அப்பா இருமியபோது வாஷ்பேசினில் ரத்தம் விழுந்தது. மாவுத் தூக்கைக் கொடுக்க வந்த சுசீலா அக்கா அதைப் பார்த்தாள். அவளே ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரியில் டி.பி. என்று சொல்லி வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

"டி.பி.ன்னு தெரிஞ்சா ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாள் அம்மா. அப்பா திண்டிவனத்தில் நிலத் தகராறைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று தெருவில் சொன்னோம். சுசீலா அக்காவின் கையைப் பிடித்து, புருஷனிடம்கூடச் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கினாள்.

அந்த வாரமே அம்மாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. நான் தினமும் பிளாஸ்கோடு கிளம்பினால் தெரு கேட்கும். சுசீலா அக்கா, "நீ இரு கண்ணு. கஞ்சிய நான் எடுத்துகினு போறேன். என்னை யாரு இன்னான்னு கேக்கப் போறாங்க?" என்றாள். பச்சையும் வெள்ளையுமாகத் தானே பின்னிய ஒயர் கூடையில் எங்கள் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போனாள். ஒரு மாதத்துக்கு மேல் போனாள்.

3

எங்கள் தெருவுக்கு லெண்டிங் லைப்ரரிக்காரர் சைக்கிளில் வாரப் பத்திரிகைகள் கொண்டுவருவார். ஒரு பத்திரிகை ஒரு வீட்டில் ஒருநாள் இருக்கும், அடுத்த நாள் அடுத்த வீட்டுக்குப் போகும். அந்த வாரம் ஒரு பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதில் ஒரு பக்கம் ஏற்கெனவே மடிக்கப்பட்டிருந்தது.

'உங்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம்!' என்று தலைப்பு. எய்ட்ஸ் பற்றிய கட்டுரை. அப்போது அந்த நோயைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பயம் மட்டும்தான். கொசு கடித்தால் வருமா, டம்ளரில் வாய்வைத்துக் குடித்தால் வருமா என்று படித்தவர்களே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டுரையில் அதற்கெல்லாம் பதில் இல்லை. புறநகரில் பல குடும்பப் பெண்களுக்கு இந்த நோய் இருப்பதாகக் கூறப்படுகிறது, வெளியே சொல்லாமல் நடமாடுவதாகத் தெரிகிறது, நிலைமை இன்னும் மோசமாகும் என்று நம்பப்படுகிறது. யார் கூறினார், யாருக்குத் தெரிந்தது, யார் நம்பினார் என்று எங்கேயும் இல்லை. தமிழில் இது ஒரு பெரிய வசதி. ஆளே இல்லாமல் வாக்கியம் நடந்துவிடும். அந்த வாக்கியங்களைப் பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டுவினை என்று படித்தேன், பத்து மதிப்பெண்ணும் வாங்கினேன். அது ஒருத்தியை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பக்கத்தின் நடுவே ஒரு படம். ஆஸ்பத்திரி வாசல். ஒரு பெண் நிற்கிறாள். கண்களின் மேல் கறுப்புப் பட்டை. கீழே, 'ஆஸ்பத்திரி வாசலில் தயக்கத்துடன் ஒரு பெண்.'

அந்த வாசலில் நூறு நோய்க்காரர்களுக்காக நூறு பேர் நிற்பார்கள். பார்வையாளர் நேரத்துக்கு மணி அடிக்கட்டும் என்று அவளும் நின்றிருக்கிறாள். படத்தில் அதெல்லாம் இல்லை. கண்ணை மறைத்திருந்ததால் அவள் மறைக்க வேண்டியவள் ஆகிவிட்டாள். அந்தப் பட்டை இல்லாமல் போட்டிருந்தால்கூட யாரோ ஒரு பெண் என்று நாங்கள் பக்கத்தைப் புரட்டியிருப்போம்.

கண்ணைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்தது. முழங்கையில் தோசைக்கல் சுட்ட தழும்பு, சுசீலா அக்கா வாரம் இரண்டு நாள் கட்டும் கட்டம் போட்ட சேலை, ஒயர் கூடை. எங்களுக்கு முன்னால் படித்த வீடுகளுக்கும் அவை தெரிந்திருக்கின்றன. அதனால்தான் அந்த மடிப்பு.

அம்மா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "கூடைக்குள்ள நம்ம பிளாஸ்க் மூடி தெரியுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாருக்கும் தெரியாது. நீ வாயைத் திறக்காதே" என்றாள்.

4

யாரும் சுசீலா அக்காவிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வீட்டில் இந்த வாரம் இட்லி போடவில்லை என்றார்கள். ஒரு வீட்டில் மிக்ஸி வாங்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் விரதம். பத்து நாளில் கிரைண்டர் சத்தம் நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் நிர்மலாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை அந்தப் பெண்ணின் அம்மா வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொன்னாள்.

எங்கள் அம்மாவும் அரிசி அனுப்புவதை நிறுத்தினாள். "எல்லாரும் நிறுத்தினப்போ நாம மட்டும் குடுத்தா ஏன்னு யோசிப்பாங்க" என்றாள். இரண்டு தெரு தள்ளி வேறொரு கிரைண்டர் இருந்தது. தூக்கை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். நான்தான் போனேன். அக்கா படியில் உட்கார்ந்திருப்பாள். என் கையில் இருக்கும் தூக்கைப் பார்ப்பாள். "டைப்பிங் கிளாஸ் முடிஞ்சுதா கண்ணு?" என்று கேட்பாள்.

தெரு நலச் சங்கத்துக்கு வேதாசலம் சார் செயலாளர். ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மழையில் தெரு மூழ்கினால் மனு எழுதிக்கொண்டு முதல் ஆளாக நடப்பவர். தினமும் இரண்டு பேப்பரைச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படிப்பார். மற்றவர்கள் சாமி சத்தியமாக என்று சொல்லும் இடத்தில் அவர் "பேப்பர்லயே போட்டிருக்கான்" என்பார்.

அவர் அக்கா வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "நாங்க யாரும் நம்பலம்மா. ஆனா ஒரு டெஸ்ட் எடுத்துட்டா எல்லார் வாயும் அடைஞ்சிடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அக்கா போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்றுமில்லை என்று தாள் வந்தது. அந்தத் தாளை ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள். அதில் 'நெகட்டிவ்' என்று இருந்ததைப் பார்த்து ஒரு அம்மாள், "நெகட்டிவ்னா கெட்டதுதானே?" என்று கேட்டார். வேதாசலம் சார் பொருள் சொன்னார். ஆனால் மறுநாள் தண்ணி லாரி வரிசையில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "ஒண்ணுமில்லாதவ எதுக்கு டெஸ்டுக்குப் போறா? நீயும் நானும் போறோமா?"

அந்த வரிசையில் நானும் குடத்தோடு நின்றேன். அவள் என் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனாள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இதுதான். பிறகு நாங்கள் போய்ப் பார்த்த பத்திரிகைக்காரரும் இதையேதான் சொன்னார்.

5

பத்திரிகை ஆபீசுக்குப் போவோம் என்று அக்கா முடிவு செய்தாள். "ஒரு லெட்டர் டைப் அடிச்சுக் குடுத்துட்டு கூட வா கண்ணு. படிச்ச புள்ள நீ, பேசுவே" என்றாள். வீட்டில் பரீட்சை என்று பொய் சொல்லிவிட்டு அக்கா, முருகேசன் அண்ணனோடு ரயில் ஏறினேன்.

உதவி ஆசிரியர் என்று ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

"எம் பொண்டாட்டி படத்த யாரைக் கேட்டு சார் போட்டீங்க?" என்றார் முருகேசன் அண்ணன். "தெருவே ஒதுக்கி வச்சிகீது. வூட்டுக்காரன் காலி பண்ணச் சொல்றான்."

உதவி ஆசிரியர் பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். "இதுல உங்க மனைவிக்கு நோய் இருக்குன்னு எங்க போட்டிருக்கு, காட்டுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பெண்ணுன்னு போட்டிருக்கோம். நின்னாங்களா இல்லையா?"

"நின்னேன் சார்" என்றாள் அக்கா.

"முகம் தெரியக் கூடாதுன்னு கண்ணை மறைச்சுதான் போட்டோம். இப்ப நீங்களே வந்து அது நான்தான்னு சொல்றீங்க."

நான், "ஒரு மறுப்பாவது போடலாமே சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தாராளமா போடலாம்மா. ஆனா சும்மா போட முடியாது. இவங்க அங்க எதுக்குப் போனாங்கன்னு போடணும்." நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "யாரைப் பாக்கப் போனீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். முருகேசன் அண்ணன் அக்காவைப் பார்த்தார். அவருக்கும் அது தெரியாது. கட்டுரை வந்த நாளிலிருந்து அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் மேசை மேல் கட்டிவைத்திருந்த பழைய இதழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தூரத்துச் சொந்தம் சார்" என்றாள் அக்கா.

"பேரு? எந்த வார்டு?"

"தெரியாது சார்."

அவர் பேனாவை மூடினார். "பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னார்.

முருகேசன் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். எழும்பூரில் ரயில் ஏறும்போது வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். அக்காவும் நானும் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தோம். மீனம்பாக்கம் தாண்டும்போது அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "உங் கல்யாணம் ஆவட்டும். அப்பால நீயே எல்லாருகிட்டயும் சொல்லிடு. இன்னா?" என்றாள்.

சரி என்று சொன்னேன்.

6

மூன்று மாதத்தில் அப்பா குணமாகி வீட்டுக்கு வந்தார். திண்டிவனத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, இளைத்துவிட்டார் என்று சொன்னோம். தை மாதம் என் கல்யாணம் நடந்தது. சுசீலா அக்காவைக் கூப்பிடவில்லை. அவள் அதற்கு முன்பே வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருந்தாள்.

ஹனோவரிலிருந்து முதல் வருஷம் அம்மாவுக்கு எழுதினேன், இப்போது சொல்லிவிடலாமா என்று. 'வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இது எதற்கு' என்று பதில் வந்தது. அப்பாவே சொல்லியிருக்கலாம். அவர் அந்தப் பேச்சு வந்தாலே செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார் என்று அம்மா எழுதினாள். நான்கு வருஷம் முன்பு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

இங்கே வந்த புதிதில் அயல்நாட்டார் அலுவலகத்தில் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். ஒருநாள் ரொட்டிக் கடையில் தொங்கிய பேப்பரின் முதல் பக்கத்தில் அந்த வரிசையைப் பின்னாலிருந்து எடுத்த படம் இருந்தது. மேலே, 'இன்னும் எத்தனை பேர்?' என்று தலைப்பு. படத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கோட்டு இருந்தது. கணவருடைய நண்பரின் மனைவி கொடுத்த பழைய சிவப்புக் கோட்டு, என் முதுகில். ரொட்டி கொடுத்த பெண் பேப்பரையும் பார்த்தாள், என் கோட்டையும் பார்த்தாள். சில்லறையை என் கையில் கொடுக்காமல் தட்டில் வைத்தாள். எப்போதும் தட்டில்தான் வைப்பாளோ என்னவோ. எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கடைக்குப் போகவில்லை.

யாழினி பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "டி.பி.க்கா இவ்வளவும்? எங்க சித்தப்பாவுக்கே இருந்துதே. உங்க வீட்ல தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு நாங்கதான் மறைச்சோம்."



7

டிசம்பர் விடுமுறைக்கு யாழினியைக் கூட்டிக்கொண்டு தாம்பரம் வந்தேன். அம்மா வீட்டில் அவளை விட்டுவிட்டு, பழைய வீட்டுக்காரரிடம் விசாரித்து ஊரப்பாக்கம் போனேன். வண்டலூருக்கு அடுத்த ஸ்டேஷன். ரயில்வே லைனை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. கதவைத் திறந்தது நிர்மலா. பார்த்ததும் தெரிந்துகொண்டாள். உள்ளே திரும்பி, "மா, ஜெர்மனிக்காரங்க வந்துகிறாங்க" என்றாள்.

அக்காவுக்கு முன்தலை நரைத்திருந்தது. ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை. முருகேசன் அண்ணன் இல்லை.

"அவரு அப்பவே போய்ட்டாரு கண்ணு. அந்தாண்ட வேற குடும்பம். ஒரு வருசம் கழிச்சு அவருகிட்ட உங்கப்பா விஷயத்தச் சொன்னேன். 'இப்ப வந்து கத சொல்றியா'ன்னாரு."

நிர்மலா பத்தாவதோடு நின்றுவிட்டாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கப் போகிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா, "வுடு, அப்ப நீ சின்னப் பொண்ணு" என்றாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சின்னப் பெண் இல்லை. அதை அவளிடமும் சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை.

"நான் இப்பப் போய் வேதாசலம் சார்கிட்ட எல்லாத்தையும் சொல்றேன் அக்கா."

"சொல்லி?" என்றாள் நிர்மலா. "எங்கப்பன் திரும்பி வந்துடுவாரா? உங்களுக்கு மனசு ஆறணும், அதுக்குத்தானே?"

"சும்மா இருடி" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "சொல்லணும்னு தோணிச்சின்னா சொல்லு. நான் வாணாம்னு சொல்லல" என்றாள்.

அன்று மத்தியானமே வேதாசலம் சார் வீட்டுக்குப் போனேன். எண்பதை நெருங்கிவிட்டார். இப்போதும் மடியில் பேப்பர், கையில் சிவப்புப் பேனா. ஜெர்மனி எப்படி, குளிர் எப்படி என்று ஆசையாக விசாரித்தார். நான் சுசீலா அக்கா பெயரை எடுத்தேன்.

"ஆமாமா, பாவம் அந்தப் பொண்ணு. அந்த நோய்லயே போய்ட்டாளே."

"இல்ல சார். காலைலதான் பார்த்துட்டு வர்றேன். ஊரப்பாக்கத்துல இருக்காங்க."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது வேற யாராவது இருக்கும்மா. இவ செத்து அஞ்சாறு வருஷமாச்சு. பேப்பர்லயே போட்டிருந்தானே, படத்தோட."

"அதுல செத்ததா போடல சார். நோய் இருக்குன்னும் போடல. வாசல்ல நிக்கிறாங்கன்னு மட்டும்தான் போட்டிருந்தது."

"அப்படியா?" என்று யோசித்தார். "இல்லம்மா, நான் படிச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு டி.பி., அதே ஆஸ்பத்திரி, ஒரு மாதம் அக்கா கொண்டுபோன கஞ்சி, கூடைக்குள் எங்கள் பிளாஸ்க், அம்மா வாங்கிய சத்தியம், என் கல்யாணம். ஒன்றையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிவில், "ஓ. அப்ப உங்கப்பாவும் அங்கதான் இருந்தாரா" என்றார். "அவ தினமும் போய்ப் பார்த்தாளா."

"ஒருநாள் விட்டு ஒருநாள் சார்."

"ம்" என்றார்.

படி இறங்கும்போது மனசு லேசாக இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா எட்டு வருஷம் என்று நினைத்துக்கொண்டே அம்மா வீட்டுக்கு நடந்தேன்.

8

இந்தக் குறிப்பை நான் அங்கேயே முடித்திருக்கலாம். ஹனோவர் திரும்பிய வாரத்தில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன், உண்மையைச் சொல்லக் காலம் கடந்துவிடுவதில்லை என்றெல்லாம். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவுக்கு போன் செய்வேன். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா குரல் சரியாக இல்லை. என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். மறுபடி கேட்டேன்.

"உங்கப்பாவுக்கு அந்த நோய்தானாம். மாரடைப்புன்னு நாமதான் மறைச்சோமாம்."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான். சுசீலாதான் அவருக்குக் குடுத்தாளாம். ரெண்டு பேருக்கும் பழக்கமாம். இல்லன்னா ஒரு மாசம் எவ கஞ்சி சுமப்பான்னு கேக்கறாங்க. அவரு பொண்ணு உமாவே வந்து ஒத்துக்கிட்டா, நாங்களா சொல்றோம்னு கேக்கறாங்க."

நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் மாற்றவில்லை. ஆஸ்பத்திரி இருந்தது, கஞ்சி இருந்தது, சத்தியம் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து, தங்களிடம் ஏற்கெனவே இருந்த கதையில் காலியாக இருந்த இடங்களில் வைத்துக்கொண்டார்கள்.

"டி.வி. பாக்க வர்ற பக்கத்து வீட்டுப் பசங்க வர்றதில்ல" என்றாள் அம்மா. "வெள்ளிக்கிழமை சுண்டல் குடுத்தனுப்பினேன். தூக்கு திறக்காமலே சுண்டலோட திரும்பி வந்தது."

"நீ இங்க வந்துடும்மா. விசா பேப்பர் எல்லாம் நான் பாக்கறேன்."

"அங்க வந்து நான் என்ன செய்யப் போறேன்" என்றாள். பின்னால் யாழினி ஜெர்மனில் யாரோடோ விளையாடிக்கொண்டிருந்த சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். போன் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அம்மா கேட்டாள்:

"சுசீலா இருக்கற எடத்து அட்ரஸ் உங்கிட்ட இருக்கா?"

"எதுக்கும்மா?"

"இருந்தா குடு."

வாசித்தேன். அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கதவு எண்ணை மறுபடி சொல்லச் சொன்னாள்.

"ரயில்லயே போலாமா?" என்று கேட்டாள்.

"போலாம்மா. செங்கல்பட்டு வண்டி ஏறு. வண்டலூருக்கு அடுத்த ஸ்டேஷன்."